வாயால ஒரு தடவை சொல்லுங்க

"கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க சார். கடகடவா, கரகரவா?" கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கேட்கிறார் மெக்கானிக். மறுமுனையில் யாரோ ஒரு பெரிய மனிதர் வெட்கத்தை விட்டுக் கரகரக்கிறார். "அது வீல் பேரிங். மெதுவா ஓட்டிட்டு வாங்க." வண்டியை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, முடிவு சொல்லியாகிவிட்டது.

வண்டி போடும் சத்தத்தை உரிமையாளர் வாயால் செய்து காட்டாமல் அவர் பானெட்டைத் திறக்கமாட்டார். டாக்டரோ வக்கீலோ, யாரானாலும் ஷெட் வாசலில் நின்று உறுமியாக வேண்டும், இருமியாக வேண்டும். தெருவே அவருக்குத் 'தாளம்' என்று பெயர் வைத்துவிட்டது. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. சாப்பாட்டு நேரத்தில் தட்டு அதிர்ந்தால்கூட, "எங்கேயோ போல்ட் லூசு" என்பார்.

அப்பேர்ப்பட்டவரின் மானம் போன வாரம் சொந்த மனைவியின் காரில் ஊசலாடியது. மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவருடைய கார் அளவுக்கு மீறிச் சூடேறி சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட, தாளம்தான் புது ஹெட் மாட்டினார். மாட்டிய நாளிலிருந்து ஸ்டார்ட் செய்தாலே டிக் டிக் டிக். "சாயங்காலத்துக்குள்ள சத்தம் நிக்கலேன்னா வண்டி எங்க அண்ணன் ஷெட்டுக்குப் போயிடும்" என்று மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அண்ணன் ஷெட் நேர் எதிரே. மச்சான் நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு வசதியாக உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை, ஏதாவது உதவி வேணுமா?" குரலில் தேன் வழிந்தது. தாளம் காதில் விழாததுபோல் பானெட்டுக்குள் தலையை விட்டார்.

வால்வு இடைவெளியை மறுபடியும் அளந்தார். சரி. ஆயில் பார்த்தார். அதுவும் சரி. நீள ஸ்க்ரூடிரைவரை எஞ்சினில் ஊன்றிக் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுக் காதெல்லாம் கிரீஸ் ஆனதுதான் மிச்சம். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா என்கிட்ட விளையாடுது."

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஊரையே உறும வைக்கிறீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். வீட்டு வண்டிதானே என்று விட்டுவிட்டார். "சரி, சொல்லு" என்றார், சுரத்தில்லாமல்.

மனைவி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ட்சிஃக்... ட்சிஃக்... ட்சிஃக்" என்றார். "எஞ்சின் சூடானதும் அடங்கிடும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒவ்வொரு 'ட்சிஃக்'குக்கும் தாளத்தின் மூக்கு நுனியில் காற்று அடித்தது. மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "நீ ஊதுறே. அப்படின்னா அது இரும்பு தட்டுற சத்தமில்ல, புகை கசிஞ்சு ஊதுது. இன்னொரு தடவை ஊது."

"போதும், வேலையைப் பாருங்க."

எஞ்சின் நன்றாக ஆறியபின், புகைக்குழாய் ஹெட்டோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கடைசி மூலையில் நுரை பொங்கியது. அங்கே சூடு தடுக்கும் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நட்டு, விரலாலேயே சுற்ற வந்தது. முறுக்க மறந்தவர் சாட்சாத் அவரேதான். எதிர்ப்பக்கம் ஸ்பேனர் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று பலமாக இருமிக்கொண்டே முறுக்கினார். டிக் டிக் நின்றுபோனது.

மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்ன மாப்பிள்ளை, ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"ஓடிட்டு இருக்கு மச்சான்." இதைச் சொல்லும்போது தாளத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

மனைவி காரை எடுத்து, அண்ணன் ஷெட்டை வேண்டுமென்றே உரசினாற்போல் ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனை வந்தது. "ட்சிஃக் ட்சிஃக் ட்சிஃக்!"

 தாளம் ஸ்பேனரும் கையுமாக ஓடினார். ஒற்றைச் செருப்பு மச்சான் காலடியில் போய் விழுந்தது. பாதித் தெரு ஓடிய பிறகுதான் கார் ஜன்னலுக்கு வெளியே மனைவி நீட்டியிருந்த தலையும் குவிந்திருந்த உதடும் கண்ணில் பட்டன.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடுத்தெருவில் ஒற்றைச் செருப்போடு நின்ற தாளம், ஸ்பேனரைக் கக்கத்தில் இடுக்கினார், இரண்டு கையையும் வாயருகே குவித்து, போகிற காரைப் பார்த்து "பாம்... பாம்..." என்று நீளமாக ஹாரன் அடித்தார்.