பூட்டுப் போட்டால்தான் கை வைப்பேன்

சில வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஆனி மாதம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு சுரண்டையில் வீட்டோடு இருந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் தேடி வந்தன.

ஒன்று, தென்காசிப் பக்கம் ஒரு நூற்பாலையில் மின்பிரிவு டிரெய்னி. சம்பளம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் பயிற்சி முடிந்தால் நிரந்தரம். பலமான தொழிற்சங்கமும் உண்டு. இன்னொன்று, மில்களுக்கும் காற்றாலைகளுக்கும் ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரிடம். கை நிறைய சம்பளம், மறுநாளே சேரலாம். "சங்கம் கிங்கம்னு பேச்சு மட்டும் வரக்கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

வீட்டில் ஓயாத வாக்குவாதம். அம்மா பீடி சுற்றுகிறவள். "சங்கம் இருக்கப்போயிதான் எங்களுக்கு பி.எஃப்.னு ஒண்ணு கெடச்சுது. மில்லுக்கே போடி" என்றாள். அண்ணன் விடவில்லை. "கொடி புடிச்சிட்டு நிக்கவா இவ படிச்சா?"

எனக்குச் சம்பளம்தான் கண்ணில் நின்றது. மில்லில் சேர மாதக் கடைசி வரை அவகாசம் இருந்ததால், அதுவரை பார்ப்போமே என்று கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். வேலை ரொம்பப் பிடித்துப்போனது. இன்று காற்றாலை, நாளை அரிசி ஆலை என்று போகிற இடமெல்லாம் புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டேன். மில் பக்கமே போக வேண்டாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் அதே மில்லுக்கு எங்களை அனுப்பினார்கள். வார விடுமுறை நாள். ஒரு மோட்டாரின் கேபிளை சாயங்காலத்துக்குள் மாற்ற வேண்டும். எங்கள் சூப்பர்வைசர், "லைன் ஆஃப் பண்ணியாச்சு, கழட்டுங்க" என்றார். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், கரண்ட் இல்லை. ஆனால் அந்த சுவிட்ச் வேறு கட்டிடத்தில் இருந்தது.

"சார், சுவிட்சுல பூட்டுப் போட்டு சாவிய எங்கிட்ட தாங்க. நாங்க கை வச்சிருக்கும்போது யாராவது ஆன் பண்ணிட்டா?"

"பூட்டு தேடிக்கிட்டு இருக்க நேரமில்ல. பயமா இருந்தா வீட்டுக்குப் போ."

என்னோடு வேலை பார்த்த, குத்துக்கல்வலசை ஊர்க்கார அண்ணன் ஸ்பேனரை எடுத்தார். "தள்ளு தங்கச்சி, நான் பாத்துக்கிடுதேன். எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு, வேல போயிரக் கூடாது." எங்கிருந்து தைரியம் வந்ததோ, மோட்டாருக்குக் கரண்ட் வருகிற பேனலை மறைத்து நின்றுகொண்டேன். "அந்தப் பிள்ளையளுக்காகத்தான்ணே சொல்லுதேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பேனலில், லைனில் கரண்ட் வந்துவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. விவரம் தெரியாத யாரோ அங்கே சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

அண்ணன் தன் கையையே பார்த்தார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"நாளைலருந்து ஒருத்தரும் வராண்டாம்!" என்று சூப்பர்வைசர் கத்த, அந்தச் சத்தம் கேட்டு மில்லின் நிரந்தர எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். அவர்தான் சங்கச் செயலாளர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். நடந்ததை நான் சொன்னேன். "இவங்க எங்க ஆளுங்க, ஒங்க சங்கத்துல இல்ல. நீங்க தலையிடாதீங்க" என்றார் சூப்பர்வைசர்.

செயலாளர் குரலை உயர்த்தவில்லை. "கரண்ட் என்ன, சங்கத்துல இருக்கியான்னு கேட்டுட்டா அடிக்கும் அண்ணாச்சி?"

பூட்டு வருகிறவரை தங்கள் ஆட்களும் எதையும் தொட மாட்டார்கள் என்று சொல்லி, அவரும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மேனேஜர் ஓடி வந்தார். பூட்டு வந்தது. சாவி என் கைக்கு வந்தது. கேபிளை மாற்றி, மோட்டாரை ஓட்டியபோது நாங்கள் போட்ட சத்தத்தில் மில்லே அதிர்ந்தது. அன்றிலிருந்து அங்கே கான்ட்ராக்ட் ஆள் என்றாலும் வேலை செய்கிறவர் கையில்தான் சாவி. ஒருவருக்கும் வேலை போகவில்லை.

மாதக் கடைசியில் மில்லில் சேர்ந்தேன். கான்ட்ராக்ட் வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். தொழில் அங்கேதான் கைக்குப் பழகியது. ஆனால் 'மாட்டேன்' என்று சொல்கிறபோது பக்கத்தில் வந்து உட்கார ஆள் வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சங்கத்திலும் சிலர், பெண் வந்தால் நைட் ஷிப்ட் தங்கள் தலையில் விழும் என்று முணுமுணுத்தார்கள். என் முறை வந்தபோது நானே போய் நின்றேன். முணுமுணுப்பு அடங்கியது.

இன்று நான் நிரந்தர ஊழியர், சங்க நிர்வாகக் குழுவிலும் இருக்கிறேன். கான்ட்ராக்ட் ஆட்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்று பேசி ஜெயித்தோம். முதலில் சேர்ந்தது குத்துக்கல்வலசை அண்ணன்தான்.

அன்று எனக்கு இருந்தது பயம்தான். அதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படாததைத்தான் என் வாழ்க்கையின் பெரிய வெற்றியாக இன்றும் நினைக்கிறேன்.