துக்குமேக்கின் கொசு

பேட்டரியை உள்சட்டைக்குள் விடும்போது மட்டும் துக்குமேக் ஒரு கெட்ட வார்த்தை சொல்வாள். மற்றபடி அவள் வாயிலிருந்து அப்படி எதுவும் வந்து ஊரில் யாரும் கேட்டதில்லை. மூன்று பேட்டரிகள், தொப்புளைச் சுற்றி, கம்பளிப் பட்டியால் இறுகக் கட்டியிருக்கும். குளிரில் கிடந்த பேட்டரியைப் போட்டால் அவள் பறக்கவிடும் டிரோன் மேலே போன வேகத்தில் கீழே வந்துவிடும். அதனால் காப்பிக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்பே இந்தக் கட்டு வேலை முடிந்துவிடும். அதன்மேல் அங்கியை மாட்டிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நிறைமாதக்காரி வருவதுபோலத்தான் இருக்கும்.

எங்கள் ஊரான கங்கெலுக்கில் இருக்கிற ஒரே கடையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நிவி இதை விடுவாளா?

"இப்ப எத்தனாவது மாசம்டீ?"

"மூணும் ஒரே பிரசவம். அழாது, பால் கேக்காது. உன் பிள்ளைங்களுக்கு இது எவ்வளவோ மேல்."

"அப்பன் யாருன்னாவது சொல்லேன்."

"சைனாக்காரன்," என்பாள் துக்குமேக், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். காப்பியில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருப்பாள். அது காப்பியா பாகா என்று நிவி கேட்கும்வரை கை நிற்காது.

தெற்கே எங்கோ இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் அந்த டிரோனைக் கொடுத்து, குடாவில் உறைந்து கிடக்கும் கடலை வாராவாரம் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறது. அதன் கேமரா நம் கண்ணைப்போல வெள்ளையைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. பனிப்பாளம் மெலிந்த இடத்தில் அடியிலிருக்கும் கடலின் சூடு மேலே கசியும். படத்தில் கெட்டிப்பனி வெள்ளையாகவும் அந்த இடம் சிவப்பாகவும் விழும். ஒரு படம் தெற்கே போகும், இன்னொரு படம் கடைச் சுவரில் ஏறும். அவள் இந்த வேலைக்கு வந்த குளிர்காலத்தில், குடாவின் முனைப் பாறைக்குக் கீழே சிவப்பு ஒரு பொட்டளவு இருந்தது. இப்போது சுவரைப் பார்த்தால் வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

டிரோனுக்கு ஊர்ப் பிள்ளைகள் வைத்த பெயர் கொசு. அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். தரையில் இறக்கினால் பொடிப்பனி கிளம்பி இறக்கைக்குள் போய்விடும் என்று, தலைக்குமேல் வந்ததும் கோழியைப் பிடிப்பதுபோல எட்டிப் பிடிப்பாள். அதை ஓட்டும் கைப்பெட்டியின் விசையைத் தள்ள வசதியாக, கையுறையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நுனியை வெட்டியிருக்கிறாள். அந்த விரல்களின் முனை எப்போதோ செத்துவிட்டது. காப்பிக் கோப்பையின் சூடு அவற்றுக்குத் தெரியாது. பறக்கவிட்டால் அதனோடு பேசிக்கொண்டே இருப்பாள்: "இன்னும் கொஞ்சம் போ. போய்ப் பாரு. நல்லதா ஒண்ணாவது பாத்துட்டு வாயேன்."

அது நல்லதாக எதையும் பார்த்துவிட்டு வந்ததில்லை. அவளுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. அதைச் சொல்ல அவள் வெட்கப்படுவதும் இல்லை. "சாகப்போற ஒருத்தியோட உடம்பை வாராவாரம் படம் எடுக்கிறேன்," என்று நிவியிடம் ஒருமுறை சொன்னாள். "சிரின்னு வேற சொல்லணுமா என்ன?" நிவி அன்று கிண்டல் செய்யவில்லை. கோப்பையை மறுபடி நிரப்பினாள்.

படத்தோடு அவள் கடைக்குள் நுழைந்தால் ஆண்களின் பேச்சு நின்றுவிடும். யாரும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். தோட்டாப் பெட்டியையோ மிட்டாய்ப் புட்டியையோ பார்த்துக்கொண்டு ஒருத்தர் கேட்பார், "எப்படி இருக்கு?" அவள் பதில் எப்போதும் ஒன்றுதான்: "முனைக்குக் கீழ கொஞ்சம் சிவப்பு. இம்மக்கா."

இம்மக்கா என்றால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எங்கள் ஊரில் வானிலையைப் பற்றியும் பனியைப் பற்றியும் இதற்குமேல் யாரும் அறுதியாகப் பேசுவதில்லை. வயது வந்த வேட்டைக்காரனிடம் 'போகாதே' என்று சொல்வது அவன் முகத்தில் துப்புவது மாதிரி. அவனுக்குக் கண் இல்லையா, புத்தி இல்லையா, நீ யார் சொல்ல? அப்பன்கூட மகனுக்குச் சொல்ல மாட்டான். போன வருஷம் ஏனோக் என்ற வேட்டைக்காரன் இந்த இம்மக்காவைக் கேட்டுவிட்டுத்தான் போனான். பனி உடைந்து, சறுக்குவண்டியும் அதை இழுத்த நாய்களும் மொத்தமாக உள்ளே போயின. அவன் மட்டும் வயிற்றால் ஊர்ந்து கரை சேர்ந்தான். மறுநாள் அவள் வீட்டில் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, கருவாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

இந்தக் குளிர்காலத்தின் நடுவில் மழை பெய்தது. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் மழை! நாய்கள்கூட வானத்தைப் பார்த்து ஊளையிட்டன. பிறகு மறுபடி உறைந்தது, மேலே புதுப்பனி விழுந்தது, பார்வைக்கு எல்லாம் சலவை செய்த துணியாகக் கிடந்தது. துக்குமேக்கின் அண்ணன் கிதியோன் அந்த வெள்ளையைத்தான் நம்பினான். கடைச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று சாமான் வாங்குகிற ஆள் அவன். தங்கை ஒட்டிய படத்தை ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பனி மோசமாகிப் பல வாரங்களாக அவன் சீல் வேட்டைக்குப் போக முடியவில்லை. நாய்களின் இறைச்சிக் கிடங்கு காலி. கட்டிப்போட்ட இடத்தில் அவை எழுந்து நிற்பதையே குறைத்துக்கொண்டுவிட்டன. தீனி போட வழியில்லாத நாயைப் பட்டினியால் சாகவிடக் கூடாது, வளர்த்தவனே சுட வேண்டும். அதுதான் எங்கள் ஊர் வழக்கம், கிதியோனுக்கும் அது தெரியும்.

அன்று காலை அவள் ஒரு பேட்டரியைப் போட்டுக் கொசுவை அனுப்பினாள். முனைப் பாறைக்குக் கீழே சிவப்பு, வேட்டைக்குப் போகும் வழியையே மறித்துப் பரந்து கிடந்தது. இரண்டு முறை சுற்றவிட்டுப் பார்த்தாள். கொசுவைப் பிடித்து இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அண்ணன் வீட்டுப் பக்கம் போனபோது, அவன் நாய்களுக்குச் சேணம் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே."

"ம்."

"முனைக்குக் கீழ சிவப்பா இருக்கு."

"இருக்கும்."

"ரொம்ப." அவள் மூச்சு வாங்கினாள். 'போகாதே' பல்லுவரைக்கும் வந்து நின்றது. "இம்மக்கா," என்றாள்.

கிதியோன் சிரித்தான். "ஏன்டி தங்கச்சி, இப்படி மூஞ்சிய வெச்சிருக்க? இதுங்க நேத்து ராத்திரி முழுக்க என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. நாளைக்கும் பாக்குமில்ல? அப்ப நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கிறது?" தலைவி நாயின் காதைப் பிடித்து ஆட்டினான். "ஒரு சீல் போதும் எனக்கு. ஒண்ணே ஒண்ணு."

வண்டி சரிவில் இறங்கிப் பனிப்பாளத்தில் ஏறியது. துக்குமேக் அங்கேயே நின்று அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னாள். அங்கிக்குள் கைவிட்டு இரண்டாவது பேட்டரியை உருவிப் போட்டாள். கொசு எழும்பியது.

வண்டியைத் தாண்டி அதை முன்னால் அனுப்பினாள். சிவப்பு தொடங்குகிற விளிம்புக்குமேல் கொண்டுபோய், ஆள் உயரத்துக்கு இறக்கி, அங்கேயே நிறுத்தினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, கொசு அங்கே நின்றது, அவ்வளவுதான்.

நாய்கள் வேகம் குறைத்தன. கிதியோன் வண்டியிலிருந்து இறங்குவது கைப்பெட்டியின் திரையில் தெரிந்தது. சிறிய கறுப்பு உருவம், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொசுவைப் பார்த்தபடி. கோபமா யோசனையா என்று அங்கிருந்து தெரியாது. அவள் கையிலிருந்த பெட்டி கீச்சிட்டது: பேட்டரி குறைகிறது, திரும்ப அழைக்கவும். குளிரில் அது சீக்கிரம்தான் தீரும். கொசு தானாகவே வீட்டுப் பக்கம் மூக்கைத் திருப்பியது. அவள் விசையை அழுத்தித் தடுத்தாள். மறுபடி திரும்பியது, மறுபடி தடுத்தாள். இதைத் தொலைத்தால் தெற்கே என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். இன்னொன்று கொடுக்க மாட்டார்கள்.

"நில்லு," என்றாள் அதனிடம். "கொஞ்ச நேரம். அவன் ஒரு மக்கு. கொஞ்சம் நில்லு."

கொசு விழுந்தது. உயரமே இல்லை, கனமும் இல்லை. ஆனாலும் அந்த வெள்ளை அதைத் தாங்கவில்லை. விழுந்த இடத்தில் ஈரம் கறுத்துப் பரவியது, அப்புறம் அங்கே கடல்தான் இருந்தது. திரை அணைந்துவிட்டதால் இதையெல்லாம் பார்த்தவன் கிதியோன் ஒருவன்தான். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்துப் புள்ளியைப் பார்த்தாள். அது வெகுநேரம் அசையவில்லை. பிறகு பெரிதாகத் தொடங்கியது.

திரும்பி வந்தவன் நாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பழைய இடத்தில் கட்டினான். அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"கொசு போயிடுச்சு," என்றான்.

"ஆமா."

"நல்ல இடமாப் பாத்துத்தான் நிறுத்துன."

"இம்மக்கா."

அவன் தலையை ஆட்டினான். கண் நாய்கள்மேல் இருந்தது. "வீட்டுக்குப் போ தங்கச்சி. கதவைச் சாத்திக்க," என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கி எடுக்க உள்ளே போனான்.

அவள் வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றாள். கிளம்பும்போது கட்டிய மூன்றாவது பேட்டரி இன்னும் வயிற்றில் இருந்தது, உடம்புச் சூட்டில் பதமாக. முதல் வெடி கேட்டது. கொஞ்ச இடைவெளி விட்டு அடுத்தது. துக்குமேக் அங்கியின்மேல் கையை வைத்து அந்தப் பேட்டரியை அழுத்திக்கொண்டாள். அதற்குக் குளிர் ஏறிவிடக் கூடாது என்று ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.