ஒரு பிள்ளைக்குத்தான் இடம்

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் என் தங்கை என்னைவிட நன்றாகச் செய்திருந்தாள். நான் ஒரு வருடம் முந்திப் பிறந்த அக்கா, அவ்வளவுதான்.

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் மடுல்சீமைப் பக்கம். அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு இல்லாததால், நான் பதுளையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். அடுத்த வருடம் தங்கையின் பெறுபேறு வந்ததும் அப்பா அத்தையிடம் போய்க் கேட்டார்.

"ஒரு புள்ளைக்குத்தான் எடமிருக்கு அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றார் அத்தை.

ஓர் அறையும் குசினியும் மட்டுமே உள்ள வீடு அது. அவர் சொன்னதில் பொய் இல்லை. தங்கை இரண்டு மாதம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் சும்மா இருந்தாள். பிறகு கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்துகொண்டாள்.

நான் பல்கலைக்கழகம் போனேன். இரண்டாம் வருடம் அங்கே ஒரு விவாதம் நடந்தது. எல்லோருக்கும் வாய்ப்பைச் சமமாகக் கொடுத்தால் போதுமா, கடைசியில் எல்லோரும் அடைவதும் சமமாக இருக்க வேண்டுமா என்பது தலைப்பு. வாய்ப்பே போதும் என்ற அணியில் என்னைப் போட்டார்கள். கதவைத் திறந்து வைப்பது சமூகத்தின் கடமை, உள்ளே நடந்து போவது அவரவர் பொறுப்பு என்று பேசினேன். லயத்திலிருந்து வந்த நானே அதற்குச் சாட்சி என்றேன். மண்டபமே கை தட்டியது.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அதைப் பெருமையாகத் தங்கையிடம் சொன்னேன். அவள் மலையிலிருந்து இறங்கி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் இன்னும் நிற்கவில்லை.

"அப்ப நான் நடக்கலேன்னு சொல்லிட்டு வந்திருக்கே."

"ஒன்னப் பத்தி நான் பேசவே இல்லடி."

"அதத்தான் சொல்றேன்" என்றாள்.

இப்போது பதுளை கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எனக்கு வேலை. கணவர், இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. தங்கைக்கு இரண்டு மகள்கள். அவர்கள் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பிக்க ஆளில்லை. வந்த ஓர் ஆசிரியரும் சில மாதங்களில் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்து அதிபரிடம் பலமுறை நடந்து அவளுக்கு இடம் வாங்கினேன். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்த் தங்கையிடம் சொன்னேன்.

"பெரியவள அனுப்பு. எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"சின்னவ?"

"அடுத்த வருஷம் கேட்டுப் பாக்கலாம்."

"அடுத்த வருஷம் இல்லேம்பாங்க."

"ஒருத்தியாச்சும் கரையேறட்டுமே."

"ஏறட்டும். சின்னவ காலம் பூரா அவள அண்ணாந்து பாத்துக்கிட்டுக் கெடக்கணும். அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும் அக்கா. ரெண்டு பேருக்கும் கெடைக்கட்டும். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் வேணாம்."

"கெடைச்சதையும் கெடுத்து ரெண்டு பேரையும் ஒண்ணாக்கப் போறியா?" என்று கத்தினேன்.

தங்கை மூத்தவளை அனுப்பவில்லை. மூத்தவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உடுப்புகளைப் பையில் அடுக்கி வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தங்கையின் பிடிவாதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதிபரிடம் நான் முதலிலிருந்தே ஓர் இடம்தான் கேட்டேன். இரண்டு பேருக்குக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ. என் வீட்டில் இரண்டு பேரை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அத்தை வீட்டைவிட என் வீடு பெரியது. இதை இன்றுவரை தங்கையிடம் நான் சொன்னதில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரும் கணிதத்தில் தவறினார்கள். மறுபடி எழுதியும் தவறினார்கள். மூத்தவள் கொழும்பில் தையல் வேலைக்குப் போய்விட்டாள். தீபாவளிக்கும் வருவதில்லை, அம்மாவோடு பேசுவதும் இல்லை. சின்னவள் அம்மாவோடு மலைக்குப் போகிறாள்.

போன மாதம் தங்கை தொலைபேசியில் கேட்டாள்.

"நான் செஞ்சது தப்பாக்கா?"

மேடையில் ஏறி எந்தப் பக்கமும் பேசத் தெரிந்தவள் நான்.

"தெரியலடி" என்றேன்.

 "சரி, கொழுந்து நிறுக்கப் போகணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.