நாலாம் சஷ்டியும் மொன்மொரான்சிக் காடும்

காலை எட்டு மணிக்குப் பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மழை தூறிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் வானிலைப் படம் மஞ்சள் நிறம் காட்டியது: பலத்த காற்று, பகல் முழுக்க மழை. நான் இயல்பிலேயே பயந்தவன், மெற்றோவில் கதவோரம் நிற்கக்கூட யோசிப்பேன். அப்படிப்பட்டவன் நூற்றெண்பது யூரோவுக்கு ஒரு பழைய மலைச் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஏன் காட்டுக்குப் போகிறேன் என்று கேட்பீர்கள். டொக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார், குகன் கூப்பிட்டான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓடும் எங்கள் கூட்டத்தில் அன்று வந்தது நாலு பேர். வீடு வீடாகப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் குகன்தான் வழிகாட்டி. ஆல்பேர் புதுச்சேரிக்காரர், அரசாங்க அலுவலகத்தில் வேலை. சிவம் அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக உணவகச் சமையலறையில் நிற்கிறவர். நாலாவது நான்.

"மழை கூடினால் திரும்புவமோ?" என்று கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் வெயிலுக்கையும் இதைத்தானே கேட்டனீங்கள்," என்றான் குகன்.

கார் து நோர் நிலையத்திலிருந்து 8.50 ரயில். ரிக்கெற் இரண்டரை யூரோ, சைக்கிளுக்குத் தனியாகக் காசு இல்லை. பாரிஸ் தாண்டியதும் கண்ணாடியில் மழை சாய்வாக அடித்தது. இருபத்தைந்து நிமிடத்தில் தொமோன். நிலையத்துக்கு எதிரே கோப்பி குடித்தோம், ஒன்று ஒரு யூரோ அறுபது. சிவம் அண்ணை மட்டும் குடிக்கவில்லை. "எனக்கு வேண்டாம் தம்பி, வெளிக்கிடுவம்," என்றார்.

9.45. ஊர் முடிகிற இடத்தில் ஏற்றம் தொடங்குகிறது. பாரிஸ் மெற்றோ வாசல்களில் சுட்டு விற்பார்களே மறோன் கொட்டை, அந்த வகை மரங்கள்தான் இந்தக் காடு முழுக்க. நனைந்த இலைகள் ஒரு சாண் கனத்துக்குக் கிடந்தன. அடியில் வேரா கல்லா என்று தெரியாது, முன் சில்லு வழுக்கிய பிறகுதான் தெரியும். மேலே கிளைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்தேன். ஹெல்மெற் போட்டவன் குனிந்து என்ன பயன்? இரண்டு தரம் விழுந்தேன், இரண்டு தரமும் சேற்றில், ஆகவே அடி இல்லை, மானம்தான் போனது.

10.50. பதினொரு கிலோமீற்றர் ஓடியிருந்தோம். ஒரு பள்ளத்து வழி முடிவில் நின்று எண்ணினால் மூன்று பேர். சிவம் அண்ணை இல்லை. கூப்பிட்டோம், காற்றில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. சைக்கிள்களைப் போட்டுவிட்டு வந்த வழியே ஓடினோம். முந்நூறு மீற்றர் தள்ளி, ஒரு மரத்தடியில் கால் நீட்டி இருந்தார். அந்தக் குளிரிலும் முகம் வேர்த்து ஒழுகியது, கை நடுங்கியது.

"அண்ணை, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"கந்தசஷ்டியெல்லே. இண்டைக்கு நாலாம் நாள்."

"குளிசை?"

"போட்டனான். டொக்டர் ஒரு நாளும் விடவேண்டாம் எண்டவர்."

அவருக்குச் சர்க்கரை வியாதி. அதே மாத்திரையை என் மனைவியும் போடுகிறாள். சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். மனுஷன் டொக்டர் சொன்னதையும் கேட்டிருக்கிறார், முருகனுக்குச் சொன்னதையும் காத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துக்கொண்டு மலையேற வந்திருக்கிறார்.

குகன் பையிலிருந்து கோலாப் போத்தலை எடுத்து வாயருகே கொண்டுபோனான். அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டார். மகள் கல்யாணம் கட்டி எட்டு வருடத்துக்குப் பிறகு இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி, அதற்குத்தான் இந்த விரதம். "முறிச்சால் பிள்ளைக்குக் கூடாது," என்றார். நாக்கு குழறியது.

ஆல்பேர் பொம்பியேக்கு, அதாவது தீயணைப்பு மீட்புப் படைக்கு, அழைத்து, மரத்தில் எழுதியிருந்த காட்டுப் பகுதி எண்ணைச் சொன்னார். "வழி சேறா இருக்காம், அரை மணி ஆவுமாம். முழுங்க முடிஞ்சா உடனே இனிப்பு குடுக்கச் சொல்றாங்க. அண்ணே, ஆபத்துக்குப் பாவமில்ல, குடிங்க!"

அண்ணை தலையை ஆட்டினார். கண் சொருகத் தொடங்கியது.

எனக்குக் கோவில் தேர் பார்க்கப் பிடிக்கும். விரதம், நேர்த்தி ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"அண்ணை, முறிக்கிறது நீங்கள் இல்லை, நான். அந்தப் பிள்ளைக்கு வாறது என்ரை தலையிலை வரட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். "சத்தியமோ?"

"சத்தியம்."

வாயைத் திறந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம், பாதி சட்டையில் போனது. பத்து நிமிடத்தில் நடுக்கம் குறைந்தது. பதினைந்தாவது நிமிடத்தில், "என்ரை சைக்கிள் எங்கை?" என்றார். குகன் திரும்பி நின்று அழுதான்.

11.35. பொம்பியேக்கள் நடந்தே வந்தார்கள். இரத்தம் குத்திப் பார்த்துவிட்டு, அந்தக் குளிசைக்குச் சர்க்கரை மறுபடியும் இறங்கும், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருக்கவேண்டும் என்றார்கள். தூக்குக் கட்டிலில் படுத்தபடி அண்ணை என் கையைப் பிடித்தார்.

"தம்பி, சூரன்போருக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கு. மிச்ச விரதத்தை நீ பிடிப்பியோ?"

"ஓம் அண்ணை," என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

மூன்று பேர் நாலு சைக்கிளோடு திரும்பினோம். ரயிலில் குகனின் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. அண்ணை பிழைத்துவிட்டார், மகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தும் விட்டாள். ஆனாலும் என் பயம் இறங்கவில்லை, ஆளைத்தான் மாற்றிக்கொண்டது: அண்ணையை விட்டு அந்தப் பிறக்காத பிள்ளைக்குத் தாவியிருந்தது. பிள்ளையின் எடை இவ்வளவு, மாதம் இவ்வளவு என்று எனக்குள் யாரோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகல் இரண்டு மணி, லாச்சப்பல். காட்டில் அடித்த அதே மழை இங்கே கடைக் கூரைகளில் அடங்கி ஒழுகிக்கொண்டிருந்தது. குகன் சூடாக ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கி வந்தான். எனக்குக் குடல் கருகும் பசி.

"எடுங்கோ அண்ணை, ஆறப்போகுது."

கை நீட்டியவன் இழுத்துக்கொண்டேன்.

"சூரன்போர் முடியட்டும்," என்றேன்.