கடிக்கிற தொட்டி

சோலைமலைக்கு பீடிப் பழக்கம் கிடையாது. வெற்றிலை உண்டு, முன்கோபம் உண்டு, சீட்டாட்டம் கொஞ்ச நாள் இருந்தது. பீடி மட்டும் கிடையாது. எழுபத்தி நாலில் போடி கந்தக மில்லில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவன் இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் சாம்பல் நோய்க்குத் தூவுகிற மஞ்சள் தூள் அங்கேதான் அரைபட்டது. அந்தத் தூள் பறக்கிற இடத்தில் தீப்பெட்டி எடுக்கக் கூடாது என்பது வாசல் கூட்டுகிறவளுக்குக்கூடத் தெரியும்.

பத்து வருஷம் அந்தத் தூளிலேயே கிடந்தான். சட்டையைத் துவைத்தால் தண்ணீர் மஞ்சளாக ஓடும். வேர்வை வழிந்தால் கண் எரியும். "ஒன்னையக் கட்டுனதுக்கு ஒரு தீக்குச்சியக் கட்டியிருக்கலாம்" என்பாள் அவன் பெண்டாட்டி பெரியம்மாள்.

மில்லில் அவனுக்கு எதிரே நின்று வேலை பார்த்தவள் மொக்கம்மாள். அவன் மூட்டையைத் தூக்கி இரும்புத் தொட்டியின் விளிம்பில் சாய்ப்பான். தூள் இறங்கியதும் அவள் சாக்கின் அடியைப் பிடித்து உதறுவாள். கீழே சல்லடை தடதடவென்று ஆடும். அந்தச் சத்தத்தையும் மீறி அவள் வாய் ஓயாது.

எண்பத்தி மூணில் ரெண்டு காரியம் நடந்தது. சல்லடைச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததால், முதலாளி கன்னையன் பழைய லாரி டயரைத் துண்டு போட்டு தொட்டியின் கால்களுக்கு அடியில் வைத்தார். சணல் சாக்கு சீக்கிரம் கிழிகிறது என்று பிளாஸ்டிக் சாக்கு வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகு தொட்டி கடிக்க ஆரம்பித்தது. வெயில் காலத்தில் விளிம்புக்குப் பக்கத்தில் விரல் போனால் சுள்ளென்று ஒரு கடி.

"மொதலாளி தொட்டில்ல, அதான் அவரு மாதிரியே கடிக்குதுண்ணே" என்றாள் மொக்கம்மாள்.

"மெல்லப் பேசு தாயி. அவரு காதுல விழுந்தா, தொட்டியே பரவாயில்லங்கிற மாதிரி கடிப்பாரு."

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மில் வேலை என்றால் ஏதாவது ஒன்று கடிக்கத்தான் செய்யும்.

மறு வருஷம் பங்குனியில் ஒரு மத்தியானம். மொக்கம்மாள் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். தொட்டி வாயில் குப்பென்று நீலமாக ஒரு வீச்சு. சோலைமலை அவளை இழுத்து வெளியே தள்ளினான். அவனுக்குப் புருவம் கருகியதோடு போயிற்று. அவளுக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

கன்னையன் வந்து பார்த்தார். "நெருப்பு தானா வருமாய்யா? எவனோ பீடி பத்த வச்சிருக்கான்" என்றார். அந்த அறையில் இருந்த ஆம்பளை சோலைமலை ஒருத்தன்தான். வேறு விசாரணை இல்லை. அன்றைக்கே அவனை நிறுத்தினார். சல்லடை அறையையும் பூட்டிவிட்டார்.

வேலை போனதைக்கூட அவன் பெரிதாக நினைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது மொக்கம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு இழுப்பு இழுக்கணும்னா வெளிய போயிருக்கலாம்லண்ணே" என்றாள்.

"ஆத்தா சத்தியமா நான் பத்த வைக்கல தாயி."

"அப்ப நெருப்பு எப்படி வந்துச்சு?"

அதோடு அவள் அவனிடம் பேசுவதை விட்டுவிட்டாள். அதுதான் அவனை அரித்தது.

விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத் தோட்டத்தில் களை வெட்டப் போனான். ஜீப்பிலும் விடவில்லை. "அண்ணே, தள்ளி உக்காருங்க, இது பெட்ரோல் வண்டி" என்று ஒரு பயல் சொல்ல, வளைவுக்கு வளைவு சிரிப்பு.

ஆடியில் ஒரு சேதி வந்தது. விபத்தை விசாரிக்க அரசாங்கத்திலிருந்து திருப்பதி என்று ஒருவர் வருகிறாராம். தூளில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று அளந்து பார்ப்பாராம். தூளுக்குள் மின்சாரமா என்று தெருவே சிரித்தது. சோலைமலை சிரிக்கவில்லை. தனக்காகப் பேச ஒரு மனுஷன் வருகிறான், அவ்வளவுதான் அவனுக்குப் புரிந்தது. வாட்ச்மேனிடம் கெஞ்சி, விடியுமுன்னே பெரியம்மாளோடு மில்லுக்குள் போனான். குடம் குடமாக ஊற்றித் தரையைக் கழுவினார்கள். தொட்டியை ஈரத்துணியால் துடைத்தார்கள். பெரியம்மாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். பெரிய மனுஷர் வருகிற இடம் குப்பையாகக் கிடக்கலாமா?

திருப்பதி ஒரு இரும்பு வாளியை பிளாஸ்டிக் பலகை மேல் வைத்தார். வாளியிலிருந்து ஒரு வயர் பெட்டிக்குப் போனது. பெட்டியில் ஒரு முள். ஒரு படி தூளைக் கொட்டச் சொன்னார். சோலைமலை கொட்டினான். முள் அசையவில்லை. மறுபடியும் கொட்டினான். செத்த பல்லி மாதிரி கிடந்தது. வெளியே மேற்கிலிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

திருப்பதி குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். "இத யாருய்யா கழுவுனது?"

"நாந்தாங்க சார். நீங்க வர்றீகன்னு."

"ஈரம் இருந்தா அந்த மின்சாரம் சேராதுய்யா, வழிஞ்சு போயிரும். காத்துலயும் ஈரம். இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. நல்லா வெயில் ஏறட்டும், வர்றேன்."

"ஒண்ணும் இருந்தாத்தான சார் தெரியும்" என்றார் கன்னையன். வாசலில் நின்ற மொக்கம்மாள் திரும்பி நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பெரியம்மாள் புலம்பினாள். "சும்மா வா" என்றான்.

மழை போனது, பனி போனது. ஏலத் தோட்டத்தில் அட்டை கடித்த புண் ஆறுவதும் வேறு அட்டை கடிப்பதுமாக நாள் ஓடியது. அரசாங்கத்து ஆள் மறுபடி வருவார் என்று அவன் நம்பவில்லை. ஆனால் மாசியில் திருப்பதி வந்துவிட்டார்.

இந்தத் தடவை சோலைமலை வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டான். சொம்புத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. வாய் கொப்பளிக்க வந்த வாட்ச்மேனை "அங்கிட்டுப் போய்யா" என்று விரட்டினான். மொக்கம்மாளும் வந்து ஓரமாக நின்றாள்.

முதலில் சணல் சாக்கிலிருந்து ஒரு படி சரித்தார்கள். முள் லேசாகத் தலையாட்டியது. பிறகு பிளாஸ்டிக் சாக்கிலிருந்து அதே அளவு. முள் விருட்டென்று ஏறிக் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

திருப்பதி திரும்பினார். "தொட்டியத் தொட்டா எப்பயாச்சும் சுள்ளுன்னு இருக்குமா?"

"கடிக்கும் சார்" என்றான் சோலைமலை. "வெயில் காலத்துல நல்லாவே கடிக்கும்."

"அத ஏன்யா போன தடவ சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

திருப்பதி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கன்னையனிடம் சொன்னார்: "சாக்குல உரசி எறங்குற தூளு மின்சாரத்தோட தொட்டிக்குள்ள விழுது. தொட்டி டயரு மேல நிக்குது, பூமிக்குள்ள எறங்க வழியில்ல. சேந்துக்கிட்டே போகும். கை கிட்டப் போனா பொறி தெறிக்கும். பறக்குற கந்தகத்துக்கு அது போதும், பீடி வேணாம். டயர எடுங்க. தொட்டியில இருந்து செம்புக் கம்பி இழுத்து மண்ணுக்குள்ள எறக்குங்க. பழையபடி சணல் சாக்கு போடுங்க."

பீடி வேணாம். இந்தச் சொல்லுக்காகத்தான் ஒரு வருஷமாக மலையேறி இறங்கினான். கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். மொக்கம்மாள் தன் சுருங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் கைதானா?" என்றாள். "நான் உதறப் போய்த்தான் வந்துச்சா?"

இதை அவன் நினைக்கவே இல்லை. தன் தோளிலிருந்து இறங்கிய பழி அவள் மேல் ஏறப் பார்க்கிறது. அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏன் தாயி, சாக்கு வாங்குனது நீயா? டயரு வச்சது நீயா? உதறச் சொன்னாக, உதறுன. சும்மா கெட."

கன்னையன் தொண்டையைச் செருமினார். "எனக்கு மட்டும் இதெல்லாம் தெரியுமாய்யா? சரி, திங்கக்கெழம ரெண்டு பேரும் சோலிக்கு வாங்க."

"மொதல்ல சார் சொன்னதச் செய்ங்க. பெறகு பாப்பம்."

சொல்லிவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மொக்கம்மாள் வெளியே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"இனிமே தண்ணி உள்ள வரலாம்லண்ணே?"

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து வந்த அண்ணே. வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். மீதியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

மறுநாள் ஜீப்பில் அந்தப் பயல் மறுபடியும் பெட்ரோல் வண்டி என்று ஆரம்பித்தான். சோலைமலை துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். மூணாவது வளைவு திரும்பும் முன்னே தூங்கிப்போனான்.