நூலுக்கு ஏது இடமும் வலமும்?

தொண்ணூற்றைந்தோ தொண்ணூற்றாறோ, வருடம் சரியாக நினைவில்லை. கோயம்புத்தூர் கணபதியில், மில்களுக்குச் சோதனைக் கருவிகள் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் டிசைன் பிரிவுக்கு நான்தான் தலைவன். தலைவன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு ஆள், டிப்ளமோ முடித்துவிட்டு டிராயிங் போட வந்த பெண். ஆறு மாதம் தற்காலிகம், அதன் பிறகு நிரந்தரமா என்று பார்க்கலாம் என்று சொல்லி முதலாளி எடுத்திருந்தார்.

நான் அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் பம்ப்செட் கம்பெனியில் இருந்தவன். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று கேட்டால் சொல்வேன். நூலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது வேட்டியில் இருக்கிறது என்பதுதான். ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. தெரியாது என்று சொல்வதற்குப் பதில் எதிராளியைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது என் பழக்கம்.

அந்தச் சமயத்தில் பல்லடம் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. ஸ்பின்னிங் மெஷினுக்குள், கையே நுழையாத சந்தில், நூலைக் கிட்டத்தில் பார்க்க அவர்களுக்கு ஒரு கேமரா வேண்டும். முதலில் நாலைந்து நூலைச் சேர்த்துக் காட்ட வேண்டும், பிறகு இருந்த இடத்திலிருந்தே ஒரு நூலை மட்டும் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். அதாவது ஜூம். படம் ஒயர் வழியாக வெளியே ஒரு சின்ன டிவியில் தெரிய வேண்டும். அந்தக் காலத்து ஜூம் லென்ஸைக் கல்யாண வீட்டில் வீடியோக்காரரிடம் பார்த்திருப்பீர்கள், முன்னால் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மில்காரர்கள் கொடுத்த இடமோ இரண்டு விரல் தடிமன்.

ஒரு மாதம் நான் அந்தக் குழாயைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். ஜூம் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் லென்ஸ்கள் முன்னும் பின்னும் நகர வேண்டும், நகர்வதற்கு நீளம் வேண்டும். அதில் கஞ்சத்தனம் பண்ண முடியாது. தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், அந்தப் பெண் ஒரு டிராயிங் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள்.

"கொழாயச் சுருக்க வேண்டாங்க சார். படுக்க வெச்சுப்போடலாங்க."

பெட்டியின் முகப்பில் வெளிச்சம் நுழைந்ததும் அங்கே சாய்வாக ஒரு கண்ணாடி. அது வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அதன் பிறகு பெட்டியின் நீளம் முழுக்க லென்ஸ்கள் தாராளமாக நகரலாம். கடைசியில் இன்னொரு சாய்வுக் கண்ணாடி, அது வெளிச்சத்தைப் பின்பக்கம் படுத்திருக்கும், படத்தைப் பிடிக்கிற கேமரா போர்டு மேல் விழவைக்கும். அந்த நீளக் குழாய் ஒன்றரை விரல் தடிமனுக்குள் அடங்கிவிட்டது. பார்த்ததும் சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிடமே, இது நமக்கு ஏன் தோன்றவில்லை என்று மனசுக்குள் ஒரு பொறாமையும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செய்து பார்க்கும்போதுதான் பாடு தெரிந்தது. இரண்டு கண்ணாடியையும் கோணம் பிசகாமல் நிறுத்துவது லேசில்லை. ஒன்றைச் சரி செய்தால் மற்றது விலகியது. எங்கள் ஃபிட்டர் நொந்துபோனார். மில்லில் காட்டுவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. இரண்டாவது கண்ணாடியைத் தூக்கிவிடுங்கள், கேமரா போர்டைக் கடைசியில் நிமிர்த்தி வைத்தால் போதும், கொஞ்சம் தடிமன் கூடினாலும் சந்துக்குள் போகும் என்று நான் முடிவு சொல்லிவிட்டேன். டிராயிங்கை மாற்றிப் போடச் சொன்னேன்.

அவள் தயங்கி நின்றாள். ஒரே கண்ணாடி என்றால் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி படம் இடம் வலமாக மாறித் தெரியும், இரண்டு கண்ணாடி இருந்தால்தான் நேராக வரும் என்றாள். அவள் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் அதனால் என்ன கெட்டுப்போகும் என்றுதான் நினைத்தேன்.

"நூலுக்கு ஏதும்மா இடமும் வலமும்? அது என்ன கடுதாசியா, எழுத்துத் திரும்பிப் போச்சுன்னா படிக்க முடியாம போறதுக்கு?"

"நூலுக்கும் இருக்குதுங்க சார். முறுக்கு ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குதுங்களே. எங்கம்மா மில்லுல நூல் சுத்தற கோன் வைண்டிங்ல இருக்கறாங்க, அவங்களக் கேட்டாலே சொல்லுவாங்க."

அப்படியானால் உங்கள் அம்மாவையே டிசைனுக்கு வரச் சொல்லிவிடலாமே என்றேன். ஃபிட்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த அம்மாவைப் பற்றி டீ குடிக்கிற நேரத்தில் ஒரு முறை சொல்லியிருந்தாள். நின்று நின்றே வேலை பார்த்துக் கால் நரம்பெல்லாம் சுருண்டுகொண்டதாம். தனக்கு இந்த வேலை நிரந்தரமானதும் அம்மாவை மில்லிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே எண்ணம். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் நான் அந்தக் கிண்டலைச் செய்தேன்.

எங்கள் டிராயிங் தாளின் கீழ் மூலையில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல். மாற்றிய டிராயிங்கில் அவள் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, சரிபார்த்தவர் கட்டத்தில் என்னைப் போடச் சொன்னாள். அப்புறம் போடுகிறேன், வை என்றேன். வேண்டுமென்று செய்யவில்லை, சோம்பல்தான். அந்தக் கட்டம் காலியாகவே இருந்துவிட்டது.

மில்லுக்குப் போன அன்று படம் அருமையாக வந்தது. பெட்டி சந்துக்குள் நழுவிப் போனது, டிவியில் நாலைந்து நூல் தெரிந்தது, பெட்டியில் இருந்த சின்னச் சக்கரத்தைத் திருப்பியதும் ஒரே நூல் கயிறு தடிமனுக்குப் பெரிதாகி வந்து நின்றது. எல்லோரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர் மட்டும் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். நூல் சுற்றியிருந்த பாபினிலிருந்து ஒரு துண்டை அறுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க நூலு வலப்பக்கமாச் சாஞ்ச முறுக்குங்க. இதுல பார்த்தா எதுக்க சாஞ்சிருக்குது. எங்க மெஷினெல்லாம் தலகீழாச் சுத்தறதாட்ட இருக்குதுங்களே."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முறுக்கையே மாற்றிக் காட்டுகிற பெட்டி வேறு எதையெல்லாம் மாற்றிக் காட்டுமோ, இதை நம்பி எப்படி வேலை பார்ப்பது என்று மாஸ்டர் மரியாதையாகவே கேட்டார். எங்கள் முதலாளியின் முகம் சுருங்கிப்போனது. ஃபைலிலிருந்து டிராயிங்கை எடுத்து விரித்தார். சரிபார்த்தவர் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

"நான் இன்னும் பார்த்துக் கையெழுத்துப் போடலீங்க. அந்தப் பொண்ணு வரஞ்சதுங்க."

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. முப்பது வருடமாக அதைத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்துவிட்டேன், அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதே இல்லை. அவள் டிவி பக்கத்தில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மீதியையும் நான் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தாள். நான் பெட்டியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். நீ வரைந்ததாம்மா என்று முதலாளி கேட்டார்.

"ஆமாங்க. நாந்தான் வரஞ்சனுங்க."

ஆபீசுக்கு வந்ததும் அவள் தன் டிராயரைத் திறந்து, முதலில் போட்ட இரண்டு கண்ணாடி டிராயிங்கை எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எதிரில் இருந்த முதலாளி அறைக்குள் போனால் போதும். இன்றைக்கு அவர் கோபமாக இருக்கிறார், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள், முதலில் இரண்டாவது கண்ணாடியை வைத்து நல்ல படத்தைக் காட்டிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். தள்ளிப்போட எனக்குக் காரணமா கிடைக்காது? ஐந்தாம் நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஸ்கேலையும் பென்சில் பெட்டியையும் என் மேஜையில் வைத்துவிட்டு, "போயிட்டு வாரேனுங்க சார்" என்றாள். நான் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கண்ணாடியும் வைத்த பெட்டியை மில்லுக்கு எடுத்துப் போனோம். மாஸ்டர் குனிந்து பார்த்து, இப்போது சரி என்றார். நல்லவேளை நீங்கள் பார்த்துச் சரி செய்தீர்கள் என்று முதலாளி என் தோளைத் தட்டினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவை பயத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டாவது தடவைக்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து வேறு வேலைக்கு மாறும்போது மேஜையைக் காலி செய்தேன். அடியில் அவளுடைய டிராயிங் கிடந்தது. அன்றைக்கே பழைய ஃபைலில் விலாசம் பார்த்து, சூலூர் பக்கம் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவள் அம்மா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து, முழங்காலுக்குக் கீழே துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். மில்லுக்குத்தான் இன்னும் போய்க்கொண்டிருந்தார். அவளும் வீட்டில்தான் இருந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கிற பீஸ் செக்கிங் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். அம்மாவிடம் என்னை என்னவென்று சொல்லப் போகிறாள் என்று பயந்துகொண்டே நின்றேன்.

"எங்க பழைய ஆபீஸ் சாருங்கம்மா. எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவருங்க."

அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், அந்தக் காலோடு எழுந்து எனக்குக் காப்பி வைக்கப் போனார். என் கையில் சுருட்டி வைத்திருந்த தாளை அவள் பார்த்துவிட்டாள். எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை.

"ரெண்டாவது கண்ணாடி வெச்சீங்களா சார்? படம் நேரா வந்துச்சுங்களா?"

வந்தது, மாஸ்டரே சரி என்றுவிட்டார் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. வரும் என்று தெரியும் என்றாள். டிராயிங்கை நீட்டினேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சார், இனி எனக்கு எதற்கு என்றாள். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவே இல்லை.

போன மாதம் என் மகன் புதுசாக ஒரு செல்போன் வாங்கினான். தட்டையான போன், தூரத்துக் கோயில் கோபுரத்தைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டுகிறது. இவ்வளவு மெல்லிசான போனுக்குள் ஜூம் எப்படி வைத்தார்கள் தெரியுமா அப்பா, வெளிச்சத்தை உள்ளேயே மடக்கிப் பக்கவாட்டில் விடுகிறார்களாம் என்று பெருமையாகச் சொன்னான். நான் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தேன். அவளுடைய டிராயிங் தாள் பழுத்துவிட்டது, பென்சில் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. அதிலும் சரிபார்த்தவர் கட்டம் காலிதான். பேனாவை எடுத்தேன், கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், மூடிவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய நாளில் போடாதவனுக்கு, அவள் வரைந்தது சரி என்று சொல்ல இன்றைக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை.