கையெழுத்து கேட்டு வராதவர்கள்

என் அப்பா திருவொற்றியூர் நகராட்சியில் இரண்டு முறை உறுப்பினர். மூன்றாவது முறை தோற்றார், அதுவும் சொந்தக் குப்பத்திலேயே. பெயர் அச்சடித்த கடிதத்தாள்தான் கட்டுக் கட்டாக வீட்டில் மிஞ்சியது. வீணாக்குவானேன் என்று ஒவ்வொரு தாளிலும் ‘உறுப்பினர்’ என்பதற்கு முன்னால் மையால் ‘முன்னாள்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லாத தாளுக்கு அத்தனை அழகான எழுத்து!

தோற்றதற்குக் காரணம் அவர் வாய்தான். வலை காயப்போடும் மணல்வெளியைத் தொழிற்சாலைக்கு விடும் தீர்மானம் வந்தபோது கை தூக்கினார். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அம்மன் கோயில் வாசலில் ஊரைக் கூட்டி, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். அடுத்தவன் கையில் இருக்கும் வேலைக்கு இவர் சத்தியம்! கிடைத்தது நாலைந்து வீடுகளுக்கு. யாரும் சண்டைக்கு வரவில்லை. கற்பூரத்தைப் பொய்யாக்கியவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் காலையில் எங்கள் வாசலில் நிற்க இடமிருக்காது. ரேஷன் கார்டா, பள்ளிக்கூடச் சேர்க்கையா, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். தோற்ற பிறகும் அதே நேரத்துக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார். அம்மா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், “யார்னா கேட்டாங்களா என்னிய?” என்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது.

ஒரு நாள் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. “மார்க்கெட்டுல மீன் விக்கிற ஒரு அம்மா கேட்டாங்கப்பா. கையெழுத்து வேணுமாம்” என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

மூன்று நாள் காத்திருந்தார். வருகிறவள் திரும்பிப் போய்விடுவாளோ என்று சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தாளும் பேனாவுமாக அவரே மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே போய் ஒரு தூணை ஒட்டி நின்றேன். “நீயாம்மா கேட்ட?” என்று கூடை கூடையாகக் கேட்டுக்கொண்டு போனார். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. கடைசிக் கூடைக்காரி மட்டும் நிமிர்ந்தாள்.

“நா எங்க கேட்டேன் அண்ணாத்த? உன்ன நம்பி ஏமாந்தது ஒரு தபா போதும். எம் புள்ள இன்னும் வூட்லதான் குந்திகினு கீறான்.”

அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் குறுக்குச் சந்தில் ஓடி, அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

வந்தவர் முகம் கழுவிக்கொண்டு சொன்னார்: “பாத்துட்டேம்மா. அந்த அம்மாவுக்கு வேல முடிஞ்சிட்ச்சாம். நீ மறக்காம வந்து சொன்னியேன்னு ரொம்ப சந்தோசப்பட்டாங்க.”

“சரிப்பா” என்றேன்.

அன்றோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார்; எங்களுக்குள் இருந்த பேச்சும் அதோடு குறைந்துபோனது. இப்போது மணலி புதுநகரில் தனியாக இருக்கிறேன். அவர் இறந்த வயதை நான் தாண்டிப் பல வருடமாகிறது. என் பொய் அவருக்குத் தெரிந்துபோயிற்று. அவர் பொய் எனக்குத் தெரியும் என்பதைத்தான் கடைசிவரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அந்த வீட்டில் அவருக்குப் பேச ஒரு ஆளாவது இருந்திருக்கும்.